ஐந்து கட்டை டிரான்ஸ்பார்மர்

தர்மபுரியில் எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஐந்து கட்டைக்கு ஒரு இழை மேலே சுருதி பிடிக்கிறது. இயந்திரச் சத்தத்தோடு வாத்தியத்தைச் சேர்த்து இசை செய்கிற எனக்கு இது முக்கியம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. டிரான்ஸ்பார்மருக்குள் அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகள் காந்தப்புலம் ஒரு பக்கம் ஏறும்போதும் துளி நெளியும், மறுபக்கம் ஏறும்போதும் நெளியும். சுற்றுக்கு இரண்டு நெளிவு, ஆக நொடிக்கு 100. ராத்திரி லாரிச் சத்தம் அடங்கினதும் கேட்கிற அந்த 'ம்ம்ம்' இதுதான். ஆர்மோனியத்தில் ஐந்து கட்டை என்கிற சுரம் 196 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 196 அதிர்வு, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 98. நூறுக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் உள்ள தூரம் அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று கூடுதல், அவ்வளவுதான்.

அந்த முனகலில் 100 மட்டும் இருப்பதில்லை. அதன் மடங்குகளும் கூடவே வரும். 100 ஷட்ஜம் என்றால் 200 மேல் ஷட்ஜம், 300 பஞ்சமம், 400 மறுபடி ஷட்ஜம், 500 அந்தர காந்தாரம். தம்புராவைச் சரியாகச் சேர்த்தால் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கும் என்று பாட்டு வாத்தியார்கள் சொல்வார்களே, அதே காந்தாரம். தம்புராவில் இந்த வேலையைச் செய்வது ஜீவா நூல். குதிரை என்கிற தாங்குகட்டைமேல் கம்பிக்கு அடியில் ஒரு சின்ன நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி, ரீங்காரம் திறந்துகொள்ளும் இடத்தில் நிறுத்துவார்கள். கம்பியை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மீட்டினால் சில மேல்சுரங்கள் எழவே முடியாது என்பது மேற்கத்திய இயற்பியலின் விதியாக இருந்தது. தம்புராவிலும் வீணையிலும் அவை எழுகின்றன, காரணம் நம் வாத்தியங்களின் அகன்ற குதிரை என்று 1921-ல் சி. வி. ராமன் எழுதினார்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2013 டிசம்பர் 31 வரை தென்னிந்தியாவின் மின்கட்டம் தனியாக ஓடியது. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் சேர்ந்த அன்றுதான் நாடு முழுக்க ஒரே அதிர்வெண் வந்தது. அதற்கு முன்னால் தர்மபுரி டிரான்ஸ்பார்மருக்கு ஒரு சுருதி, நாக்பூர் டிரான்ஸ்பார்மருக்கு ஒரு சுருதி. லோடு ஏறினால் அதிர்வெண் இறங்கும். இப்போது 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. முன்பு 49-க்கும் கீழே போன காலமெல்லாம் உண்டு. 49 என்றால் முனகல் 98, கச்சிதமான ஐந்து கட்டை. மின் பற்றாக்குறை கழுத்தைப் பிடித்த வருஷங்களில், கரண்ட் இருந்த கொஞ்ச நேரமும் டிரான்ஸ்பார்மர் சுத்தமான சுருதியில் பாடியிருக்கிறது. நாம்தான் மோட்டார் போட ஓடிக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் அடுக்கக் காரணம் உண்டு. வயலின், நாதஸ்வரம் போன்ற செவ்வியல் வாத்தியத்தோடு இயந்திரச் சத்தத்தையும் மின்னணு ஒலியையும் சேர்த்துச் செய்கிற இசை, ஆம்பியன்ட் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், அதை நான் கொஞ்ச காலமாகக் கேட்டும் செய்தும் வருகிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் கம்பெனியில் கணக்கு வேலை. வயலின் சின்ன வயதில் கற்றது. இந்த இசையில் பெரும்பாலானவர்கள், நம் ஊர் ஆட்கள் இன்னும் கூடுதலாக, இயந்திரத்தைக் கொண்டுபோய்த் தாளத்தில் உட்கார வைக்கிறார்கள் என்பது என் புகார். தறி ஓடினால் தாளம், ரயில் ஓடினால் தாளம், தையல் மிஷின் ஓடினாலும் தாளம். மேலே ஒரு புல்லாங்குழல், அதன் தலையில் குடம் குடமாக எதிரொலி. கேட்க சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இயந்திரம் அங்கே கூலிக்கு வந்த ஆள், எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். அதைச் சுருதியில் உட்கார வைத்துப் பாருங்கள். வாத்தியம்தான் அதற்கு இணங்கிப் போக வேண்டியிருக்கும். பாட்டு முழுக்க வேறாகிவிடும்.

தியான இசை, 432 ஹெர்ட்ஸ் அற்புதம் என்று எட்டு மணி நேர வீடியோ போடுகிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த எண்ணுக்கு உடம்பைக் குணமாக்கும் சக்தி இருப்பதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது.

ஆம்பியன்ட் என்ற பெயரை நிலைநிறுத்திய ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். 1975-ல் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறார். பார்க்க வந்த தோழி பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இவர் சிரமப்பட்டு எழுந்து அதைப் போட்டுவிட்டுப் படுத்த பிறகுதான் தெரிகிறது, சத்தம் மிகக் குறைவாக இருக்கிறது, ஒரு பக்க ஸ்பீக்கரும் வேலை செய்யவில்லை. மறுபடி எழுந்து கூட்டத் தெம்பில்லை. வெளியே மழை. மழைக்கு நடுவே ஹார்ப்பின் ஓங்கிய சுரங்கள் மட்டும் அங்கங்கே தலைகாட்டுகின்றன. இசையை இப்படியும் கேட்கலாம் என்று அவருக்குப் பட்டது அப்போதுதான். செவ்வியல் வாத்தியம், பழுதான மிஷின், மழை. மூன்றும் அந்த அறையிலேயே இருந்தன.

1978-ல் அவர் விமான நிலையங்களுக்கென்று செய்த இசையில் டேப் துண்டுகள் வெவ்வேறு நீளத்தில் சுழல்கின்றன. ஒன்று 23.5 நொடிக்கு ஒருமுறை திரும்பி வரும், இன்னொன்று கிட்டத்தட்ட 26 நொடிக்கு, மற்றொன்று கிட்டத்தட்ட 30 நொடிக்கு. ஒன்றோடொன்று லேசில் ஒத்துப்போகாது, எனவே ஒரே சேர்க்கை மறுபடி வருவதைக் கேட்க முடியாது. நம் தாளக் கணக்கில் கோர்வை என்பது சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து முடியும். இதைப் படித்தபோது மிருதங்கம் படித்த நண்பன் சொன்னது நினைவிருக்கிறது: "நாம மண்டையைப் பிச்சிக்கிட்டு கோர்வை வைக்கிறது சமத்துல வந்து சேர. இந்த ஆளு மண்டையைப் பிச்சிக்கிட்டது சேராம இருக்க!"

இயந்திரத்தை முதலில் டேப்புக்கும் தட்டுக்கும் கொண்டுவந்தவர்களில் பெரிய பெயர் பிரெஞ்சுக்காரர் பியர் ஷாஃபர். 1948-ல் பாரிஸ் பாத்தினோல் ரயில் நிலையத்தில் என்ஜின் சத்தங்களைத் தட்டில் பதிவு செய்து, துண்டு துண்டாகக் கோர்த்து, ரேடியோவில் ஒலிபரப்பினார். வரலாற்றுக்கு முக்கியம், கேட்க எனக்கு ஒரு தடவை போதும். ரயிலை வைத்துச் செய்ததில் நான் திரும்பத் திரும்பப் போவது அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1988-ல் நான்கு தந்தி வாத்தியங்களுக்கும் டேப்புக்கும் எழுதிய 'டிஃபரன்ட் டிரெயின்ஸ்'. ரயிலில் போனவர்கள், ரயிலில் வேலை பார்த்தவர், யூத இன அழிப்பில் தப்பியவர்கள் ஆகியோர் பேசிய துண்டுகள் டேப்பில் வருகின்றன. பேச்சு எந்தச் சுரத்தில் ஏறி இறங்குகிறதோ அதையே வயலினும் வயோலாவும் செல்லோவும் வாசிக்கின்றன. ஆள் மாறினால் சுருதியும் வேகமும் மாறும். நான்கு தேர்ந்த கலைஞர்கள் ஒரு டேப்பின் பின்னால் நடக்கிறார்கள். வாத்தியம் இணங்கிப் போக வேண்டும் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்பவர்களுக்கு இரண்டு தகவல். 1946-ல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவர் அகமதாபாத் கீதா சாராபாய், பகாவஜ் என்ற வடக்கத்தி மேளம் வாசிப்பவர். பதிலுக்கு கீதா கேஜிடம் மேற்கத்திய இசை கற்றார். 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மோக் சிந்தசைசரை, மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் கருவியை, நிறுவி மின்னணு இசைக்கூடம் அமைத்தார். 1972 வரை இந்தியர்களே அதில் வேலை செய்தார்கள். டேப்புகள் நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன. இசைக்கலைஞர் பால் பர்காஸ் தேடி எடுத்து, 2023-ல்தான் அவை இசைத்தட்டாக வந்தன.

அந்த அளவுக்கு வடக்கே போகவும் வேண்டாம். ஓசூரைத் தாண்டினால் பெங்களூர். 1979-ல் அங்கே ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், அவரே புல்லாங்குழல் வாசிப்பவர், மின்னணுத் தம்புராவைச் செய்தார். அதிலிருந்து நம் கச்சேரி மேடைகளில் மின்னணு ஒலியும் செவ்வியல் வாத்தியமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. யாரும் அதைச் சோதனை முயற்சி என்று சொன்னதில்லை. பெட்டி சுருதியில்தானே உட்கார்ந்தது! ஆனால் அந்தப் பெட்டி நாதஸ்வரக் குழுவுக்குள் நுழைந்தபோது ஒத்து என்ற சுருதிக் குழலை ஊதிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து போக வேண்டி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வேலைக்கு இன்று எங்கள் பக்கம் ஆளே இல்லை.

பாலக்கோடு பக்கம் ஒரு பட்டுப்புழு ஷெட்டுக்கு ரெக்கார்டரோடு போனது இப்படியான யோசனைகளின் வால் பிடித்துத்தான். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். சென்ட் போட்டிருந்தால் அப்படியே திரும்ப வேண்டியதுதான். ஷெட்டுக்கார அக்கா, "ஊதுவத்தி கூடக் கொளுத்த மாட்டோம் தம்பி, புழுவுக்கு ஆவாது" என்றார். நாலாவது சட்டை உரித்து முடித்த புழுக்கள். கடைசிப் பருவம் ஏறக்குறைய ஒரு வாரம். ஆயுசுக்கும் தின்கிற தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த ஒரு வாரத்தில் தின்றுவிடும். மல்பெரிக் கிளைகளை வெட்டி வந்து அடுக்கில் பரப்பியதும் முதலில் ஒன்றும் கேட்காது. பிறகு ஒரு மூலையில் ஆரம்பித்து, அடுத்த தட்டுக்கு ஏறி, ஷெட் முழுக்கச் சரசரவென்று நிறைந்துவிடும். ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து தூறலைக் கேட்பதுபோலவே இருக்கும். பதிவைப் போட்டுக் காட்டினால் எல்லோரும் மழை என்றுதான் சொல்கிறார்கள். அக்காவுக்கு அது மழையும் இல்லை, இசையும் இல்லை. "சத்தம் கொறஞ்சா தழை பத்தலன்னு அர்த்தம். ராத்திரி படுத்துக்கிட்டே தெரியும், எந்த வரிசைக்குப் போடணும்னு."

அந்தச் சத்தத்தில் சுரம் கிடையாது. எல்லா அதிர்வெண்ணும் கலந்து தெறிப்பது. சுருதியாகவும் வைக்க முடியாது, தாளமாகவும் பிடிக்க முடியாது. வயலினை அதோடு எப்படிச் சேர்ப்பது என்று வெகுநாள் பிடிபடவில்லை. சாதாரணமாக வாசித்தால் முன்னால் வயலின், பின்னால் மழைப் படம் என்று ஆகிவிடுகிறது. வழி கிடைத்தது என் வயலின் டீச்சர் அந்தக் காலத்தில் திட்டிய இடத்தில். வில்லை விரல்பலகைப் பக்கம் ஒதுக்கி, எடை கொடுக்காமல் இழுத்தால் சுரத்துக்கு முன்னால் வில் மயிரின் உராய்வு வரும். "நாதம் வரணும், காத்து வரக்கூடாது" என்று அதற்காகவே முழங்கையைப் பிடித்துத் திருத்துவார். அந்தக் காற்றும் புழுவின் சரசரப்பும் ஒரே இனம். அப்படி இழுத்தால் வில் எங்கே முடிகிறது, புழு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சுரம் அந்தச் சரசரப்புக்குள்ளிருந்து தானே முளைத்து வருகிறது. இந்தப் பதிவு எனக்குத் திருப்தி.

கிரானைட் பதிவு திருப்தியா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் யூனிட்டில் ஆள் உயர பிளேடு தண்ணீர் பீய்ச்சலுக்கு நடுவே பாறையை அறுக்கிறது. ஓட்டுவது இண்டக்‌ஷன் மோட்டார். நான்கு துருவ மோட்டார் என்றால் சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 1,500 சுற்றை ஒட்டி இருக்கும், முழு லோடு ஏறினால் 1,440 பக்கம் இறங்கும். பிளேடு கல்லுக்குள் நுழைகிற கணத்தில் சுருதி அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வழுக்கி இறங்குகிறது. கல்லை விட்டு வெளியே வந்ததும் வழுக்கி ஏறுகிறது. கமகம்! நான் சும்மா இருப்பேனா? பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற, அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ தகட்டை, கட்டிங் முடிந்து சாய்த்து வைத்திருந்த பலகைக் கல்லில் ஒட்டினேன். காற்றில் வருகிற இரைச்சல் பெரும்பாலும் விலகி, கல்லுக்குள் ஓடுகிற அதிர்வு மட்டும் கேட்டது. அடியில் ஆழமான முனகல், மேலே மெல்லிய மணி. பாலிஷ் போட்ட பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத்தான் மேஸ்திரி விரிசல் கண்டுபிடிப்பார். நல்ல கல் பாடும், விரிசல் கல் 'தட்' என்று செத்துவிடும். சிற்பிகள் ஓசை கேட்டு ஆண் கல், பெண் கல் என்று பிரித்ததும் நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூண் செதுக்கியதும் இந்தக் காதை வைத்துத்தானே.

பிளேடு ஓட்டுகிற அண்ணனுக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார். முதலில் அவர் கவனித்தது பிளேடை: "இது செவ்வாக்கெழம புடிச்சதா? செக்மென்ட் மழுங்கியிருக்கு பாருங்க, கத்துது. டிரெஸ்ஸிங் பண்ணாம ஓட்டியிருக்கான்." பிறகு வயலின் வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இவ்ளோ சின்னதா வச்சிக் கேட்டா நல்லாத்தான் இருக்குது. எட்டு மணி நேரம் அங்க வந்து நில்லுங்க, அப்புறம் பாட்டான்னு சொல்லுங்க."

எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சம் என்று தொழிற்சாலை விதி இருக்கிறது. பஞ்சு எதற்கும் பற்றாது, ஹியரிங் மஃப் வேண்டும். அவர் சொன்னது விதியைப் பற்றி மட்டும் இல்லை. ஈனோவின் அறையில் சத்தம் குறைந்திருந்தது, அதனால் இசை ஆனது. வால்யூம் குமிழ் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் இயந்திரம் ஆம்பியன்ட். இதற்கு இசைக்குள் பதில் சொல்ல முடியுமா? நான் செய்தது ஒன்றே ஒன்று. பதிவின் நடுவே ஒன்றரை நிமிடம் வயலினை எடுத்துவிட்டு, பீசோவையும் எடுத்துவிட்டு, பிளேடு பக்கத்தில் அவர் நிற்கும் இடத்தில் மைக்கை வைத்துப் பிடித்ததை அப்படியே விட்டேன். சத்தத்தைக் குறைக்கவில்லை. கேட்ட நண்பர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுக்கப் போவதில்லை.

டிரான்ஸ்பார்மருக்கு வருகிறேன். அதை நேரடியாகப் பதிவு செய்ய யாரும் கிட்டப் போக வேண்டாம். வீட்டு ஸ்டெபிலைசரே அதே சுருதியில்தான் முனகும். நான் பிடித்தது அதைத்தான். ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டு, காவேரிப்பட்டினம் பக்கம் இருக்கும் நாதஸ்வரக்கார அண்ணனிடம் கொண்டுபோனேன். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தொடையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்குதே. என்னா மிஷினு?"

சொன்னேன். சிரித்தார்.

"நம்ம வாத்தியம் ரெண்டு கட்டை தம்பி. இத ஷட்ஜமமா வச்சா ஒட்டாது. மத்யம சுருதியா வச்சிக்கலாம், சரியா நிக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெண்டு கட்டைக்கு சுத்த மத்யமம் ஐந்து கட்டையில்தான் விழுகிறது. புன்னாகவராளி, குறிஞ்சி, நவரோஜ் என்று மத்யம சுருதியில், அதாவது மத்யமத்தையே ஆதார சுரமாக வைத்து, வாசிப்பதற்கென்றே சில ராகங்கள் இருக்கின்றன. மகுடி ராகமான புன்னாகவராளியை வாசிக்கச் சொன்னேன். "பொழுது சாஞ்சி போச்சி. கொல்லையில பொதரு வேற. பாம்பு வந்தா நீங்க புடிப்பீங்களா?" என்று சொல்லிவிட்டு நவரோஜை எடுத்தார். அதற்கு முன்னால் சீவாளியை, நாதஸ்வரத்தின் முனையில் செருகி ஊதும் நாணல் துண்டை, துளி உள்ளே தள்ளினார், ஊதிப் பார்த்தார், இன்னும் ஒரு மயிரிழை தள்ளினார். ஸ்டெபிலைசருக்கு இணையாக நாதஸ்வரத்தின் சுருதி ஏறி வந்து உட்கார்ந்தது. திறந்தவெளி வாத்தியம், பக்கத்தில் மைக் வைத்தால் வெடிக்கும். அவரை உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, மைக்கைத் திண்ணையில் வைத்தேன். நவரோஜ் நடு ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தாண்டிப் போகாத ராகம். ஒரு சின்ன இடத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். முனகலின் 300 ஹெர்ட்ஸை அவர் தொட்டு நின்றபோதெல்லாம் ஸ்பீக்கர் அதிர்கிறதா, நாதஸ்வரம் அதிர்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எந்த எஃபெக்டும் சேர்க்கவில்லை.

அடுத்தது மாங்கூழ் ஆலை. கிருஷ்ணகிரியைச் சுற்றி இத்தனை ஆலைகள் இருக்கின்றன, பெங்களூரா மாம்பழ வரத்து ஏறிவிட்டால் ராப்பகலாக ஓடும். கொட்டை பிரிக்கிற மிஷினில் ஒரு முறுமுறுப்பு இருக்கிறது, ஆவி விடுகிற குழாயில் ஒரு விசில். அண்ணனைக் கூட்டிப் போய் அங்கேயே வாசிக்க வைக்க ஆசை. வைகாசி, ஆனி முழுக்க முகூர்த்தம், வரமாட்டார். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் திருவிழா. ஆடி முதல் வாரத்தில் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு விட்டு ஒரு நாள் சொல்லியிருக்கிறார், அதற்குள் சீசன் முடியாமல் இருந்தால். ரேட்டு முகூர்த்த ரேட்டுதான், ரெக்கார்டிங் என்று குறைக்க முடியாதாம். ஆவியில் சீவாளி பதம் கெட்டுவிடும் என்பதால் திருவாவடுதுறைச் சீவாளி ஒரு செட் என் செலவு.